மார்ஷல் தேய்த்த குதிரை

முன்னொரு காலத்தில், பட்டங்கள் வழங்குவதிலேயே பொழுதைக் கழித்த மன்னன் ஒருவன் இருந்தான். உள்ளூர்ப் பட்டங்கள் தீர்ந்துபோகவே, ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்திருந்த ஹெர்மான் என்னும் வணிகனிடம் அந்நாட்டுப் பட்டங்களைக் கேட்டான்.

"பெருந்தளபதியை மார்ஷல் என்போம்" என்றான் ஹெர்மான். அது தமக்கே வேண்டும் என்று படைத்தலைவர் மழவராயர் முந்திக்கொண்டார்.

"நம் விகடகவி பிச்சாண்டிக்கும் ஒன்று கொடுங்கள், அரசே. வணிகர் சொன்ன பழஞ்சொல் ஒன்று உண்டு: ஸ்கால்க். பணியாள் என்று பொருளாம். அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்" என்றும் சொல்லிவைத்தார் அவர்.

அவையோர் சிரித்தனர். பிச்சாண்டி சிரிக்கவில்லை. அந்த அவையில் பணியாளர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பணியாள் பட்டம் ஏற்றால் அவன் நாக்கு அன்றோடு கட்டுண்டுவிடும். மழவராயரின் தவறுகளைச் சொல்ல வேறு ஆளிருக்காது. மன்னனோ சரியென்று தலையசைத்துவிட்டான்.

பட்டம் பெறுபவர் அதற்குரிய தொழிலை அவைமுன் ஒருமுறை செய்துகாட்டுவது அங்கே வழக்கம். மறுநாள் முதல் முறை மழவராயருடையது. அவர் வாளை உருவிக்கொண்டு நின்றார். பிச்சாண்டியோ லாயத்திலிருந்து சேறு படிந்த குதிரை ஒன்றை அவைக்குள் நடத்திவந்தான்.

"இது என்ன கூத்து, பிச்சாண்டி?" என்றான் மன்னன்.

"படைத்தலைவரின் தொழில், அரசே. அச்சொல் எங்கே பிறந்தது என்று நேற்றிரவு எனக்குச் சொன்ன வணிகரே இங்கும் சொல்லட்டும்."

ஹெர்மான் தயங்கினான். "மார்ஷல் என்பதன் முற்பாதி குதிரை, பிற்பாதி அதே ஸ்கால்க். ஆதியில் குதிரைப் பணியாள். லாயத்தில் தொடங்கிய அச்சொல் படைக்கே தலைமை ஏற்றது. தனித்து நின்ற ஸ்கால்க், போக்கிரி என்னும் வசையாகித் தாழ்ந்தது."

"ஒரு வயிற்றுப் பிள்ளைகள்," என்றான் பிச்சாண்டி. "ஒன்றை அரண்மனை தூக்கி வளர்த்தது, மற்றொன்றைத் தெருவில் விட்டது. குற்றம் பிள்ளையுடையதா, அரசே? குதிரை தேய்ப்பது இழிவென்றால் படைத்தலைவர் தம் பட்டத்தை விடட்டும். இழிவில்லையென்றால், பணியாளர் பேசக் கூடாது என்னும் விதியைத் தாங்கள் விடுங்கள்."

மழவராயர் குதிரையைப் பார்த்தார்; மன்னனைப் பார்த்தார். பட்டத்தை விட மனம் வரவில்லை. வாளை வைத்துவிட்டு, பிச்சாண்டி நீட்டிய ஒரு பிடி வைக்கோலைக் கையிலெடுத்தார்.

"மெல்லத் தேயுங்கள், மார்ஷலே. அதற்குக் கூச்சம் அதிகம்," என்றான் பிச்சாண்டி.

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கணமே விதியை நீக்கி, தன் பட்டுச் சால்வையைப் பிச்சாண்டிக்குப் போர்த்தினான்.

அதற்குள் குதிரை அரியணையின் அடியிலேயே சாணம் போட்டுவிட்டது. அரண்மனையைக் கூட்டும் காத்தாயி துடைப்பத்தோடு வந்து, வழக்கம்போல் வாய்பொத்தி நின்றாள்.

"இனிமே பேசலாம், ஆத்தா," என்றான் பிச்சாண்டி.

அவள் மன்னனை நேராகப் பார்த்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க, மகாராசா. கூட்டணும்."

மன்னன் சிரித்துக்கொண்டே இரு கால்களையும் தூக்கிக்கொண்டான்.