உப்பண்ணாச்சி வழிவிட்ட கதை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் முன்பொரு தடவை எல்லோரும் மகன் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பெண் வீட்டு ஊரில் கல்யாணம். கதவைப் பூட்டும் முன் வீட்டுக்கார அம்மாள் செண்பகவடிவு அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "திரும்பி வந்ததும் மருமகளுக்கு நம்ம வீட்டுல முதல் பலகாரம் வெண்பொங்கல்தான்" என்று கணவரிடம் சொன்னாள். அவ்வளவுதான். பூட்டு விழுந்த மறு நிமிஷம் அடுப்படிப் பலகையில் ஒரே கொண்டாட்டம்.

அரிசி டின்னில் இருந்த பொன்னியக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "புதுப்பொண்ணு வாயில முதல்ல படப்போறது நான்தான்!"

"நான் இல்லாம பொங்கலா?" என்றது பாசிப்பருப்பு.

"நீங்க எல்லாரும் குழையப் போறவங்க. மேல ஜம்முனு உக்காரப்போறது யாராம்?" என்றது முந்திரி. மிளகுத்தம்பி சந்தோஷம் தாங்காமல் டப்பாவுக்குள்ளேயே உருண்டு உருண்டு ஆடினான்.

பலகையின் கடைசியில், சுவரோரமாக, வாயில் வெள்ளைத் துணி கட்டிய பீங்கான் ஜாடிக்குள் இருந்தவர் மட்டும் ஆடவில்லை. அவர்தான் கல்லுப்பு. எல்லோரும் உப்பண்ணாச்சி என்பார்கள். பலகையில் என்ன சண்டை வந்தாலும் அவரிடம்தான் முதலில் போவார்கள். போய் ஒன்றும் ஆகாது, அது வேறு விஷயம்.

"நான் எல்லாருக்கும் பொதுவானவன்பா. சாம்பாருக்கும் வேணும், ரசத்துக்கும் வேணும். நான் ஒருத்தர் பக்கம் சாய முடியுமா?" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் துணித் தலைப்பாகைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே வினை வந்தது. மூலையில் கிடந்த தவிட்டுச் சாக்கிலிருந்து ஒரு வண்டுக்கூட்டம் கிளம்பி, சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றைப் பிடித்து ஏறி, நேரே ஜாடியின் விளிம்புக்கு வந்து நின்றது. பலகைக்கு ஏறிவர வேறு வழி கிடையாது. ஜாடியின் வாயைத் தாண்டினால்தான் அந்தப் பக்கம். கூட்டத்துக்குத் தலைவன் மூக்கன். பெயருக்கேற்ற மூக்கு.

"அண்ணாச்சி, வணக்கம். உங்க தலைமேல கொஞ்சம் நடந்துக்கிடலாமா?"

"எங்க போறீங்க?"

"பக்கத்து டின்னுக்குத்தான். மூடி நெளிஞ்சிருக்கு, பாத்து வச்சிருக்கோம். உங்க கல்லு ஒண்ணைக்கூடத் தொட மாட்டோம். எங்களுக்கு உப்பே ஆகாது."

துணியை ஒரு உதறு உதறியிருந்தால் போதும். அத்தனை பேரும் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்திருப்பார்கள். ஆனால் அண்ணாச்சி யோசித்தார். யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாருப்பா, உனக்கும் பொன்னிக்கும் உள்ள விவகாரத்துல நான் தலையிட மாட்டேன். வழிதானே, போங்க. நாளைக்குப் பொன்னி வந்து வழி கேட்டாலும் இதேமாதிரி விடுவேன்."

"நீங்க நியாயஸ்தர் அண்ணாச்சி!" என்றான் மூக்கன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு வரிசையாகத் தாண்டிப் போனார்கள். அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. அது ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் டின்னுக்குள்ளிருந்து சத்தம். "ஐயையோ, கடிக்கானே! யாராவது வாங்களேன்!"

பலகை முழுக்கக் கதிகலங்கிப் போயிற்று. செண்பகவடிவின் குணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வண்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நல்லது கெட்டது பார்க்க மாட்டாள். டின்னோடு தூக்கிக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டிவிடுவாள். போன வருஷம் உளுந்துக்கு அந்தக் கதிதான். நல்ல உளுந்து எத்தனையோ இருந்தது, எல்லாம் கோழி வயிற்றுக்குள் போயிற்று. அவர்கள் கல்யாணத்திலிருந்து திரும்புவதற்குள் வண்டு வெளியேறாவிட்டால், பொன்னியக்காவுக்குப் பொங்கலும் இல்லை, புதுப்பொண்ணும் இல்லை.

"அண்ணாச்சி! பக்கத்துலதானே இருக்கீங்க! நாலு கல்லு வந்து விழுந்தாக்கூட ஓடிருவானுவளே!"

"பொன்னி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது தாயி. ஆனா நான் பொதுவானவன்."

"கடிக்கிறவனுக்கும் கடிபடுதவளுக்கும் நடுவுல என்ன அண்ணாச்சி பொது?"

அண்ணாச்சி துணியை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

வத்தலுக்கு அதற்குள் ரத்தம் தலைக்கேறிவிட்டது. மிளகாய் வத்தலைப் பற்றித்தான் தெரியுமே, இருக்கிறது ஒரு சாண் உடம்பு, கோபம் ஊர் அளவு. தூக்குவாளியிலிருந்து குதித்துப் பலகை நடுவில் நின்றான்.

"எல்லாரும் இங்க கூடுங்க! பூட்டின வீட்டுக்குள்ள எப்படி வந்தான்? எவனோ உள்ளாளு இருக்கான். வண்டு என்ன நிறம்?"

"கறுப்பு" என்றது துவரம்பருப்பு.

"அப்போ கறுப்பா இருக்கிறவன் எல்லாம் ஒதுங்கி நில்லுங்கலே!"

கடுகு ஒதுங்கியது. எள்ளு ஒதுங்கியது. மிளகுத்தம்பிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஏ வத்தலு, போன வாரம் ரசத்துல நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கொதிச்சோம்?"

"அது போன வாரம்!" என்றான் வத்தல். அத்தனை பேரையும் காலி பிஸ்கட் டின்னுக்குள் தள்ளி மூடியை அழுத்தினான். உள்ளே கடுகு, எண்ணெய் இல்லாமலே வெடித்துத் தள்ளியது.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வண்டு எந்த வழியாக வந்தது என்று அந்தப் பலகையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடுவோமா என்று வாய் வரைக்கும் வந்தது. 'பேசினா ஒரு பக்கம் சாஞ்சதா ஆயிருமே' என்று நினைத்து முழுங்கிவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து நல்ல மழை. டின்னுக்குள் கடி நின்றபாடில்லை. நிற்குமா? கடிக்கிறவன் டின்னுக்குள் இருக்கிறான், கடிக்காதவன் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறான். அப்போது நெளிந்த மூடியின் இடுக்கு வழியே ஒரு புழு தலையை நீட்டிற்று. வண்டு வீட்டுப் பிள்ளை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வெள்ளை!" என்று பலகையே கூவியது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். வத்தலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"அப்படியா சேதி! வெள்ளையா இருக்கிறவன் எல்லாம் இந்தப் பக்கம் வாங்கலே!"

சர்க்கரை ஓவென்று அழுதது. ரவை டப்பாவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. "அப்படிப் பார்த்தா பொன்னியக்காவும் வெள்ளைதானே?" என்று துவரம்பருப்பு கேட்டது.

"அவளையும் விசாரிப்போம்!" என்றான் வத்தல்.

"நல்லா விசாரிடே, நான் மிச்சம் இருந்தா!" என்று டின்னுக்குள்ளிருந்து பதில் வந்தது.

வத்தல் ஜாடிமுன் வந்து நின்றான். அண்ணாச்சி ஜாடிக்குள் பின்வாங்கினார். "என்னையுமா? நான் பொதுவானவன்பா!"

"நீரு வெள்ளையா இல்லையா?"

"வெள்ளைதான், ஆனா..."

"என்ன ஆனா? நடவும்!"

வெள்ளைக்காரர்களை அடைப்பதற்காகப் பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்தார்கள். முதலில் வெளியே உருண்டு வந்தவன் மிளகுத்தம்பி.

"ஏ வத்தலு, நிறுத்து. நான் கறுப்பா இருக்கதனால வண்டா ஆயிட்டேனா? அண்ணாச்சி வெள்ளையா இருக்கதனால புழுவா ஆயிருவாரா? கடிக்கிறவனை விட்டுட்டு நிறத்தைப் பிடிச்சு உலுக்குதியே, உனக்கு என்ன கிறுக்கா? அண்ணாச்சியை விடு!"

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. நேற்று இவனைத் தள்ளிக்கொண்டு போனபோது தான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு இவன் எனக்காகப் பேசுகிறானே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எல்லாரும் கேளுங்க" என்றார். குரலில் அந்தப் பழைய கம்பீரம் இல்லை. "வழிவிட்டது நான்தான். என் தலைமேல ஏறித்தான் போனானுவ. துணியை உதறியிருந்தா அப்பவே விழுந்திருப்பானுவ. உதறலை. நடுவுல நிக்கேன்னு நினைச்சேன், அவனுவளுக்குப் பாலமாத்தான் நின்னிருக்கேன். அதுக்கு என்னைக் கேளுங்க. சர்க்கரையைக் கேக்காதீங்க, ரவையைக் கேக்காதீங்க. வெள்ளையாப் பொறந்ததைத் தவிர அதுங்க என்ன செஞ்சுது?"

வத்தல் இன்னும் கொஞ்சம் சிவந்தான். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. அவனுக்கு ரெண்டும் ஒரே நிறம்தான்.

அண்ணாச்சி தலைத்துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, வெளிய மழை!" என்று பதறினான் மிளகுத்தம்பி. "ஜாடி வாயைத் திறந்து போட்டா ஈரம் இறங்கிக் கரைஞ்சு போவீங்க!"

"கரைஞ்சா கரையுதேன். அங்க ஒருத்தி கத்திக்கிட்டு இருக்காள்ல?"

துணியில் தன்னில் பாதியை மூட்டையாக முடிந்துகொண்டார். நெளிந்த மூடியைத் துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் சேர்ந்து நெம்பித் தூக்க, மூட்டை தொப்பென்று அரிசிக்குள் குதித்தது. "நில்லும் வே, நானும் வாரேன்!" என்று வத்தலும் பின்னாலேயே பாய்ந்தான். மிளகுத்தம்பி சொந்தக்காரர்களோடு உள்ளே இறங்கினான். கடுகு பலகையில் பரவி உருண்டது. ஓட நினைத்த வண்டுகள் அதில் கால் வைத்து வழுக்கி வழுக்கி விழுந்ததைப் பார்த்துச் சர்க்கரை அழுகையை மறந்து சிரித்தது.

டின்னுக்குள் ஒரே தும்மல். மூக்கனுக்குத்தான் பாவம், அவ்வளவு பெரிய மூக்கு! தும்மித் தும்மி விளிம்புக்கு ஏறி வந்தவன் அண்ணாச்சியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பொதுவானவர்னு சொன்னீங்களே!"

"வழி இப்பவும் பொதுதான்டே. வெளிய போற வழி."

மழை ஓய்ந்து ஜன்னல் திண்டில் வெயில் விழுந்திருந்தது. வண்டுகள் பிள்ளை குட்டிகளோடு ஜாடி விளிம்பைத் தாண்டி இறங்கி அந்தப் பக்கமாக ஓடின. வத்தல் துரத்திக்கொண்டு கிளம்பினான். "விடாதீங்க! வண்டுன்னு ஒண்ணுகூட மிச்சம் இருக்கக்கூடாது!"

கடைசியாக ஒரு பொடி வண்டு நொண்டிக்கொண்டு போனது. "என்னை ஏன் முறைக்கீங்க? நான் காலையிலதான் வண்டானேன். இன்னும் மூக்குகூட நேராகலை" என்றது.

"விடுலே வத்தலு" என்றார் அண்ணாச்சி. "டின்னைக் காப்பாத்தத்தானே இறங்கினோம், காப்பாத்தியாச்சு. ஓடுதவனை அடிச்சு என்ன செய்யப் போற?"

"திரும்பி வந்தான்னா?"

"என் தலைமேலதானே வரணும்? வரட்டும், உதறிக் காட்டுதேன்."

சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வாய் திறந்த ஜாடிக்குள் மிச்சமிருந்த அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் வியர்த்து ஒழுக ஆரம்பித்தது. அப்போது மேலிருந்து சளசளவென்று என்னவோ விழுந்தது. ஒரு பிடி அரிசி.

"பொன்னி! ஈரத்தை எல்லாம் நீ குடிச்சா நீ கெட்டுப்போவ தாயி."

"ஒரு பிடி போனாப் போகுது. நீங்க பாதி வந்தீங்களே."

"முதல்ல கூப்பிட்டப்போ வரலையே."

"அதுக்கு ஒருநாள் சண்டை போட்டுக்கிடலாம். இப்போ பேசாம இருங்க, உறிஞ்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள் பொன்னியக்கா.

கல்யாண வீட்டார் மேளதாளத்தோடு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை செண்பகவடிவு அரிசி டின்னைத் திறந்தாள். கையை விட்டு அளைந்தாள். ஒரு வண்டு இல்லை. துணிமூட்டை ஒன்று வந்தது, ஒரு வத்தல் வந்தது, நாலு மிளகு வந்தது.

"ஏங்க, அரிசிக்குள்ள உப்பு முடிஞ்சு போட்டது நீங்களா?"

அரிசி டின் எந்த மூலையில் இருக்கிறதென்றே தெரியாத அவள் கணவர் ஆவுடையப்பன், மருமகள் நிற்பதைப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? எல்லாம் நான்தான் பாக்கணும்."

"உப்புக்குள்ள அரிசி?"

"அதுவும்தான்!"

பலகை முழுக்கச் சிரித்த சிரிப்பில் தூக்குவாளி ஆடியது.

பொங்கல் மணத்தது. மருமகள் கோமதிக்கு இலையில் ஆவி பறக்க வைத்தார்கள். அவள் முதல் வேலையாக மிளகைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்க ஆரம்பித்தாள். "ஐயையோ, மறுபடியும் ஒதுக்குறாளே!" என்று பொன்னியக்கா பதறினாள். ஆனால் மிளகுத்தம்பி ஒருவன் கண்ணுக்குத் தப்பிப் பல்லில் அகப்பட்டுவிட்டான். கோமதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. ஒதுக்கி வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதே இலையில், ஓரமாகச் சட்னிக்குள் அரைபட்டுக் கிடந்த வத்தலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கலைப் பார்த்தான், சாம்பாரைப் பார்த்தான். எங்கேயும் ஒரு வெள்ளைக் கல் தெரியவில்லை.

"அண்ணாச்சி! ஓய்! இப்போ எந்தப் பக்கம் இருக்கீரு?"

"இங்க" என்று பொங்கலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்கேயும்" என்று சாம்பாருக்குள்ளிருந்து வந்தது. வத்தல் திகைத்துப்போய்த் திரும்பும்போது, அவனுடைய சட்னிக்குள்ளிருந்தே யாரோ தோளில் தட்டினார்கள்.

"கத்தாதலே, உன்கூடத்தான் இருக்கேன்."