ஒன்பது நாற்பது விமானமும் ஒரு கைலியும்

கதையைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இதில் அவசரப்பட்டவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

திருச்சி விமான நிலையத்தில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் வாயில் பொறுப்பாளர் ஜெனோவா. பதினோரு வருட அனுபவம். மழை, மூடுபனி, குடித்துவிட்டு வந்து கத்தும் பயணி என்று எல்லாவற்றையும் சமாளித்தவள். அவளால் சமாளிக்க முடியாமல் போனது மூன்று வாரத்துக்கு முன் வந்த ஒரு பக்கச் சுற்றறிக்கை. மடித்துக் கட்டிய கைலியோடு விமானத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரை யாரோ படமெடுத்து இணையத்தில் போட, அதன் விளைவாகப் பிறந்த தாள் அது. 'கைலி, அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் அணிந்தோரை ஏற்ற வேண்டாம். வேட்டிக்குத் தடையில்லை.' அவ்வளவுதான். மீறி ஒருவரை ஏற்றிய சக ஊழியர் பஷீருக்கு ஒரு வாரம் பணியிடை நீக்கம்.

அன்று காலை சென்னை விமானத்துக்கு முதலில் வந்து மாட்டியவன் அஸ்வத் என்ற கல்லூரி மாணவன். அரைக்கால் சட்டை. அவன் வாதாடினான், ஜெனோவா தாளைக் காட்டினாள். கடைசியில் பையைத் தரையில் கொட்டி, கசங்கிய ஜீன்ஸ் ஒன்றைத் தேடியெடுத்து, கழிப்பறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தான். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து சக்கர நாற்காலியில் மாசிலாமணி வந்தார். கிரேன் ஓட்டுநர். வேலைத்தளத்தில் இரும்புச் சட்டம் விழுந்து வலது கால் நொறுங்கியிருந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை எலும்புக்குள் கம்பிகள் செருகி, வெளியே வளையம் மாட்டியிருந்தார்கள். அதன்மேல் எந்தக் கால்சட்டையும் ஏறாது. நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார். மதியம் மூன்று மணிக்குச் சென்னையில் அறுவை சிகிச்சை. அந்தக் காலோடு ஆறு மணி நேரம் காரில் குலுங்கிப் போக முடியாது என்று மருத்துவரின் கடிதம் மகள் பூவிழியின் கையில் இருந்தது.

"கவுன்டர்லயே சொல்லலையாம்மா உங்களுக்கு?" என்றாள் ஜெனோவா.

"சொன்னாங்க மேடம். கேட்ல கேட்டுக்குங்கன்னு சொன்னாங்க."

ஜெனோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரை அழைத்தாள்.

"சர்க்குலரைப் பாருங்க மேடம்," என்றார் அவர்.

"பார்த்துட்டேன் சார். கம்பி போட்ட காலைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. என் பேரை மட்டும் இழுக்காதீங்க."

கதவடைக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஜீன்ஸில் வேர்த்துக்கொண்டிருந்த அஸ்வத் எழுந்து வந்தான். "அக்கா, அவரை விடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா?"

அப்போது வரிசையிலிருந்த திருவேங்கடம், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், தன் கைப்பையைத் திறந்தார். மாலைக் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த எட்டு முழ வேட்டியை உருவி நீட்டினார். "கைலி மேலயே சுத்துங்க. வேட்டிக்குத்தான் தடையில்லையே!"

மாசிலாமணியின் முகம் சுருங்கியது. "இருபத்தாறு வருசமா இதைக் கட்டிக்கிட்டுத்தான் உழைச்சேன். இது என்ன அசிங்கமா சார்?"

"அப்பா, கெஞ்சிக் கேக்கறேன்," என்று பூவிழி சொல்லிக்கொண்டே வேட்டியைச் சுற்றிவிட்டாள். ஜெனோவா பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

நான்கு நிமிடத்தில் விமானத்துக்குள்ளிருந்து பணிப்பெண் அழைத்தாள். "மேடம், ஏழு சி-யில ஒருத்தர் வேட்டியை அவிழ்த்துப் பக்கத்துல இருக்கிறவர்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டார். கைலியோட உட்கார்ந்திருக்கார். கேட்டா, 'வேசம் போதும்'ங்கறார். இறக்கணுமா?"

ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள். இறக்கினால் அந்தக் கால் என்னவாகும்? இறக்காவிட்டால் பஷீரின் கதி. வேட்டி கட்டித்தான் வாயிலைத் தாண்டினார், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று எழுதினால் அவள் தப்பலாம். பழி மாசிலாமணியின்மேல் விழும்.

"கதவைச் சாத்துங்க," என்றாள். பிறகு அன்றைய அறிக்கையில் எழுதினாள்: 'கைலி அணிந்த ஒரு பயணியைத் தெரிந்தே நான்தான் அனுமதித்தேன். அதே காலையில் ஒரு மாணவனை உடை மாற்ற வைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் ஒரே நியாயம் இல்லை. விதி எழுதியவர்கள் விளக்கட்டும்.'

வேட்டி கொடுத்து வழி காட்டினார் திருவேங்கடம். வழி திறந்ததும் வேட்டியை அவிழ்த்தார் மாசிலாமணி. விதியை மீறி, மீறினேன் என்று கையெழுத்தும் போட்டாள் ஜெனோவா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: திருவேங்கடத்தின் கருணை பெரியது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு வேட்டியை இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தால் விதிக்கு ஒரு கீறலும் விழாது. மாசிலாமணியின் ரோஷம் நியாயமானது. ஆனால் அதன் சுமை இன்னொருத்தியின் வேலைமேல் விழும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஜெனோவா ஒருத்திதான் கேள்வியைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாள். அதுவும் தான் அஸ்வத்துக்குச் செய்ததை மறைக்காமல் கேட்டாள். ஆகவே அவள் செய்ததே சரி. சரியானதற்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். மாசிலாமணியின் கால் பிழைத்தது. ஜெனோவாவைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் கேள்விக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: 'சுற்றறிக்கையைப் பார்க்கவும்.'