சிட்டு சாய்ந்த தோள்

அந்தக் காலத்தில், யானையும் மரமும் மனிதரிடம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, பிடில்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தன. கழுத்தடியில் வைத்து வாசிப்பதானாலும் சரி, முழங்காலுக்கிடையில் நிறுத்தி வாசிப்பதானாலும் சரி, எல்லாவற்றுக்கும் கழுத்தும் உடலும் சேருமிடத்தில் நிமிர்ந்த தோள்தான். அந்தத் தோளில் பிடில் செய்கிறவர்களுக்கு அப்படியொரு கர்வம்.

மலையடிவாரத்தில் அவர்களுக்கென்று ஓர் ஊர் இருந்தது. ஆற்றோரத் தெருவில் செய்கிறவர்கள், மேட்டுத் தெருவில் வாசிக்கிறவர்கள். சத்தம் சரியாக வராவிட்டால் மேட்டுத் தெரு மரத்தைக் குறை சொல்லும், ஆற்றோரத் தெரு கையைக் குறை சொல்லும். இந்தச் சண்டைக்கு நடுவில்தான் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடந்தன. அப்படித்தான் பிடில் செய்கிற பூவாத்தாள், வாசிக்கிற மாரப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். தெருச் சண்டை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்கு மரம் இழுத்துக் கொடுத்தது சிட்டு என்கிற பெண் யானை. வெள்ளத்தில் தாயைப் பிரிந்து கரையொதுங்கிய குட்டியை ஊரே சேர்ந்து வளர்த்தது. குட்டியில் வைத்த பெயர்; கூரையில் தலை இடிக்கும்படி வளர்ந்த பிறகும் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பூவாத்தாளும் சிட்டும் கூடவே வளர்ந்தவர்கள். சாயங்காலம் ஊர் கூடி வாசிக்கும்போது சிட்டு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை அவள்தான் கவனித்தாள்.

"ஏன் சிட்டு, எங்க வாசிப்பு அவ்வளவு மோசமாவா இருக்குது?"

"கோவிச்சுக்காத பூவா. எல்லாம் கீச்சு கீச்சுன்னு மேலயே பறக்குது. எங்கம்மா கூப்பிட்டா காதுல கேக்காது, கால்ல கேக்கும். நெலம் லேசா அதிரும், நான் ஓடிப் போவேன். அம்மா மொகம் எப்பவோ மறந்து போச்சு. இப்ப அந்தக் கொரலும் மறந்துக்கிட்டே வருது."

பூவாத்தாள் அன்றைக்கே பட்டறையில் போய் உட்கார்ந்தாள். காலில் கேட்கிற குரல் வேண்டுமென்றால் பிடிலுக்கு எவ்வளவு பெரிய வயிறு வேண்டும்? சிட்டு இழுத்து வந்ததிலேயே பெரிய மரத்தை அறுத்தாள். ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிடில் எழுந்தது. சத்தம் நிலத்தில் இறங்க வேண்டுமென்று அடியில் ஒற்றைக் கால் வைத்தாள். செய்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவரான நஞ்சப்ப மாமன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம் அம்மணி, பிடில் பண்றியா, குதிர் பண்றியா? நெல்லுக் கொட்டலாமாட்ட இருக்குதே!"

"கொட்டுங்க மாமா, அதுக்கும் ஒரு சத்தம் வரும்," என்றாள் பூவாத்தாள்.

பக்கப் பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, பசை தடவி, தோளை நிமிர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பசை காயும்வரை கயிற்றில் கை வைக்கக் கூடாது. ஆற்றோரத் தெருவில் அது தவழும் குழந்தைக்கும் தெரிந்த விதி.

அன்றைக்குப் பார்த்து மலைமேல் மழை கறுத்தது. அக்கரையில் வெட்டிக் கிடந்த மரங்களை வெள்ளம் கொண்டுபோவதற்குள் சிட்டு மேடேற்ற வேண்டும். ஆறு பெருகிவிட்டால் மழைக்காலம் முடியாமல் திரும்ப முடியாது. சிட்டு பட்டறை வாசலில் வந்து நின்றது.

"இன்னும் பசை காயலையே சிட்டு. நீ திரும்பி வந்ததும் மொத வாசிப்பு உனக்குத்தான்."

"அதுக்குள்ள அந்தக் கொரல் சுத்தமா மறந்துட்டா? அப்பறம் நீ வாசிச்சாலும் அதுதான்னு எனக்கு எப்படிப் பூவா தெரியும்?"

பூவாத்தாள் பிடிலிடம் போனாள். கயிற்றை அவிழ்த்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் மாரப்பன். ஆனாலும் தந்தி கட்டக் கூட நின்றான். உட்கார்ந்து வாசிக்க எட்டவில்லை. நின்றுகொண்டு அதைக் கட்டிப்பிடித்து, வில்லை இழுத்தான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாசலில் இருந்த தண்ணீர்க் குடம் சிலிர்த்தது. மண் அதிர்ந்தது. சிட்டுவின் முன்னங்கால் ஒன்று தானாக உயர்ந்து நின்றது, ஓடப்போகிற குட்டியின் காலாக.

"அம்மா," என்றது சிட்டு. மாரப்பனுக்குப் பின்னால் வந்து துதிக்கையை அந்தப் பிடிலின் தோள்மேல் போட்டு, முழுப் பாரத்தோடு சாய்ந்து அழுதது.

ஈரப் பலகை மெல்ல இறங்கியது.

"அய்யோ, தோளு போகுது! எடுக்கச் சொல்லு!" என்று கத்தினான் மாரப்பன்.

பூவாத்தாளுக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தோள் பிழைக்கும். "நீங்க நிறுத்தாம வாசிங்க," என்றாள்.

இருட்டுவதற்கு முன் சிட்டு ஆற்றைக் கடந்தது. மழைக்காலம் முடிந்தது, ஆறு வற்றியது, சிட்டு வரவில்லை. காட்டு யானைக் கூட்டத்தோடு பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

நஞ்சப்ப மாமன் ஒருநாள் உளியோடு வந்தார். "குடும்ப ஜாடையே இல்லாம நிக்குது. குடு அம்மணி, தோளை நிமித்தித் தர்றேன்."

பூவாத்தாள் அந்தச் சரிவைக் கையால் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம் மாமா. அவ வந்தா துதிக்கை வெக்க எடம் வேணுமில்ல?" என்றாள். அதன்பின் அந்த ஊரில் பெரிய பிடில் செய்த எல்லோரும் அவள் சரிவையே அளவாக வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்துதான், மற்றப் பிடில்கள் எல்லாம் தோளை நிமிர்த்திக்கொண்டிருக்க, டபுள் பேஸ் என்கிற அந்தப் பெரிய பிடில் மட்டும் தோள் சரிந்து நிற்கிறது. வாசிக்கிறவர் அதைக் கட்டிக்கொண்டு வில்லை இழுத்ததும், நமக்கும் காதுக்கு முன்னால் காலில் கேட்கிறது.