மேசை மேல் செருப்பு

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வரும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

"டீச்சர், இந்தப் பையன் எதையும் பார்க்க மாட்டேங்கிறான்," என்றார் குலசேகரன்.

பாளையங்கோட்டையில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளி. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். குலசேகரன் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; பிள்ளைகள் முன்னால் உட்காரவே மாட்டார். இப்போது இங்கே வேலை கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொடுக்கும் ரெஜினாவுக்கு அவர் மகள் வயது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள்.

"எதையும் பார்க்க மாட்டேங்கிறான்," என்று அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னாள். "இடம் மாத்தி என்னென்ன வெச்சீங்க, மாஸ்டர்?"

"மேசை மேல செருப்பு. ஜன்னல்ல தோசைக் கரண்டி. நாற்காலிக்குத் தொப்பி. பார்த்துக் கையை நீட்டினா பொரிகடலை. நீங்க சொன்னபடிதான். பொரிகடலை அப்படியே இருக்கு."

ஹாரூனுக்கு ஆறு வயது. போன வாரம் கேட்டைத் தாண்டி, வந்துகொண்டிருந்த மினிபஸ் முன்னால் நேரே நடந்தவன். எதிரே வருவது இவன் கண்ணில் படுமா, படாதா? அவன் அம்மா தினமும் வாசலில் நின்று கேட்பது அதைத்தான். இன்றும் நிற்கிறாள்.

"அவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

ரெஜினா சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலையிலிருந்தே எல்லாரும் இப்படித்தான். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். வாட்ச்மேன் குனிந்துகொண்டார். தலைக்கு அடித்த டை கொஞ்சம் அதிகமாகக் கறுத்துவிட்டதோ என்று குலசேகரன் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னிக்கு நானும் ஒண்ணு வெச்சேன், மாஸ்டர். காலையிலேயே. அவன் கண்ணு உயரத்துக்கு."

"எங்க?"

"சொன்னா சிரிப்பு போயிரும். நான் நாள் முழுக்கப் பக்கத்து ரூம்ல மாட்டிக்கிட்டேன், பார்க்க முடியலை. அவன் என்ன செஞ்சான்? அதைச் சொல்லுங்க."

"என்னத்தைச் செஞ்சான். பின்னாலேயே வந்து என் சட்டையை இழுத்தான். இழுக்கிறது, கையை நீட்டுறது, மறுபடி இழுக்கிறது."

"நீங்க?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். கோவப்படலை. முகத்தைப் பார்க்கலை. கையை எடுத்துவிட்டு, தோளைப் பிடிச்சுத் திருப்பி உட்கார வெச்சேன். ஒவ்வொரு தடவையும்." குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "பலன் இருக்கு டீச்சர். மத்தியானத்துக்கு மேல இழுக்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டான்."

ரெஜினா உதட்டை விட்டாள். சிரிப்பு வரவில்லை.

"எங்க பிடிச்சு இழுத்தான்?" இது அவள் சொந்தக் குரல்.

"இங்கதான்."

கையைப் பின்னால் கொண்டுபோனார். சட்டையின் அடி ஓரத்தில் விரல் எதிலோ இடித்தது. துணியை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

துணி காயப்போடும் கிளிப். நல்ல சிவப்பு.

சுவரோரம் ஹாரூன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானத்துக்கு மேல..." என்று ஆரம்பித்தார் குலசேகரன்.