மலையைப் பிடிச்சிருந்த ஜெரேனியம்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கோத்தகிரியில பால்கனிக்கு பால்கனி தொட்டியில செவப்பா தொங்குதே, அதைக் காட்டி ஜெரேனியம் வெச்சிருக்கோம்னு எங்கிட்ட யாரும் வந்து பீத்திக்காதீங்க. அது பெலார்கோனியம். நர்சரிக்காரன் ஜெரேனியம்னு சொல்லித்தான் தருவான், அவனுக்கென்ன, வித்தாப் போதும். பூவை நேரா பாருங்க. மேல ரெண்டு இதழ் ஒரு தினுசா, கீழ மூணு வேற தினுசா இருந்தா பெலார்கோனியம். அஞ்சும் ஒரே அளவுல சுத்தி நின்னா அசல் ஜெரேனியம், பனியைத் தாங்குற ஜாதி. அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதும். ஊர்ல பாதிப் பேருக்கு அதுவே வரமாட்டேங்குது.

அந்தப் பாதியில முதல் ஆளு எங்க ஹவுஸ் ஓனர் போஜராஜ். போன மே மாசம் ஒரு திங்கக்கிழமை காலையில, கடப்பாரை மம்முட்டியோட ரெண்டு கூலியாளைக் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். மாடியை டூரிஸ்ட்டுக்கு விடப்போறானாம். அவங்க கார் நிறுத்த வாசல் மண்ணை வெட்டிட்டு கான்கிரீட் போடணுமாம். அந்தக் களையை முதல்ல எடுங்கப்பான்னு என் ஜெரேனியத்தைக் கை காட்டினான்.

களையாம். பழைய எஸ்டேட் பங்களா ஒண்ணை இடிச்சப்போ குப்பையில கெடந்த விரல் நீளத்து வேரு அது. எடுத்தாந்து ஊனி பதினோரு வருஷமா நான் வளத்தது. இருபது வருஷமா வாடகைக்கு இருக்குற வீட்டுல எனக்குன்னு இருக்குறது அந்த நாலடிப் பாத்தி ஒண்ணுதான். அன்னிக்குப் பாத்தி முழுக்க ஊதாப் பூ. அது போச்சுன்னா எனக்கு அந்த வீட்டுல என்ன இருக்கு? ஆனா இந்த ஆளுகிட்டப் போயி கெஞ்சறதா? இந்தக் கிருபாவதி யாருகிட்டயாவது கெஞ்சிப் பாத்திருக்கீங்களா? அதனால செடியோட பெருமையை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்னு வெச்சுக்குங்க. அந்த மண்டைக்கு அவ்வளவு தேவைப்பட்டுச்சு.

மொதல்ல பனியில ஆரம்பிச்சேன். ஜனவரியில உறைபனி விழுந்து தேயிலையெல்லாம் கருகிப் போச்சே, அப்போ இந்தப் பாத்தியில மட்டும் ஒரு பொட்டுப் பனி கிடையாது. வந்த பனி செடியைப் பாத்துட்டு அடுத்த வீட்டுல போய் விழுந்துச்சுன்னேன். குழாய்த் தண்ணி உறைஞ்ச அன்னிக்கு, பால் சொம்பை இந்த இலைக்கு நடுவுல வெச்சுத்தான் வெதுவெதுப்பா குடிச்சேன்னேன். போஜராஜ் போனை நோண்டிக்கிட்டே, அப்ப கேஸ் அடுப்பு எதுக்குக்கா வெச்சிருக்கீங்கன்னு கேட்டான். அவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா.

கூலியாள்ல பெரியவரு குப்புராஜ், சிறுமுகைக்காரர். அவரு கொஞ்சம் காது குடுத்துக் கேட்டாரு. சரி, மனுஷன் இருக்காருன்னு அவரைப் பாத்தே சொல்ல ஆரம்பிச்சேன். இந்தச் செடி காய் பாத்திருக்கீங்களா, கொக்கு மூக்காட்டம் நீளமா இருக்கும், காஞ்சா வெடிச்சு விதையைத் தெறிக்க விடும். போன வருஷம் காட்டெருமை ஒண்ணு வேலியை மிதிச்சுக்கிட்டு மேய வந்துச்சு. ஒரே நேரத்துல நாப்பது காய் வெடிச்சுது. மூக்கு மேல வாங்கின வாங்குல அது காட்டுக்குள்ள ஓடினதுதான். ரெண்டு மாசம் கழிச்சு ரோட்டோரமாப் பாக்குறேன், கொம்பு ரெண்டுக்கும் நடுவுல செடி மொளைச்சுப் பூத்திருக்கு, அது வெக்கப்பட்டுக்கிட்டு நிக்குதுன்னேன்.

எருமை தலையில பூத்தது என்ன நிறம்மான்னு குப்புராஜ் கேட்டாரு. ஊதான்னேன். மனுஷன் கடப்பாரையைச் செவுத்துல சாய்ச்சு வெச்சுட்டாரு. அப்போ எனக்கு வந்த தெம்பு இருக்கே, அதைச் சொல்லி மாளாது.

அப்புறம் விடுவேனா? குன்னூர்ல என் தங்கச்சிக்கு ஒரு துண்டு குடுத்திருந்தேன், அவ வீட்டுக்காரரு கவனிக்காம அதுமேலயே அரையடிக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டுட்டாரு. மூணாம் நாள் காலையில செடி அந்தக் கான்கிரீட்டை அப்படியே தலையில தூக்கிக்கிட்டு நிக்குது. மழை வந்தா கோழியெல்லாம் அதுக்கடியிலதான் ஒதுங்குது. வெட்டினாலும் விடாது, வெட்ட வெட்ட ரெண்டு மடங்கு வரும். மாப்பிள்ளை மூணு மம்முட்டியை ஒடச்சதுதான் மிச்சம்னேன்.

கடைசியா வேருக்கு வந்தேன். இந்த வேரு எங்க போய் நிக்குதுன்னு நெனச்சீங்க? மலையைக் குடைஞ்சுக்கிட்டு இறங்கி மேட்டுப்பாளையத்துல வெளிய வந்திருக்கு. அங்க அதை ஆலமர வேருன்னு நெனச்சு ஊஞ்சல் கட்டி ஆடிக்கிட்டு இருக்காங்க. போன வருஷ மழையில ரோடெல்லாம் சரிஞ்சப்போ நம்ம தெரு ஏன் அசையலை? இதுதான் பிடிச்சிருக்கு. இதைப் புடுங்கினா கோத்தகிரியே கீழ இறங்கிடும், அப்புறம் உன் டூரிஸ்ட்டு மேட்டுப்பாளையம் வெயில்ல உக்காந்துக்கிட்டு விசிறிக்க வேண்டியதுதான்னேன். ரெண்டாவது கூலியாள் காலைத் தூக்கித் தூக்கி வெச்சு ஓரமாப் போயிட்டான்.

போஜராஜ் போனைச் சட்டைப் பையில போட்டான். மொகத்துல ஒரு கோவம் இல்லை, சிரிப்பு இல்லை.

"அப்போ ஒரு பிரச்சனையும் இல்லக்கா. நான்கூட உங்க செடி செத்துரும்னு வருத்தப்பட்டேன். வெட்டுங்கண்ணா, அதுவா கான்கிரீட்டைத் தூக்கிக்கிட்டு வந்துரும்."

குப்புராஜ் என்னையும் செடியையும் மாறி மாறிப் பாத்தாரு, தலையை ஆட்டினாரு, கடப்பாரையைக் கையில எடுத்தாரு. அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. இப்படி முழுசா நம்புற ஆளு ஒருத்தரு வாழ்க்கையில வாய்க்கணும், அதுவும் அன்னிக்கா வாய்க்கணும்.

நான் பாத்திக்குக் குறுக்கே போய் நின்னுட்டேன். கெஞ்சினேன். ஆமா, கெஞ்சினேன், போதுமா? வேணாங்க, அது சாதாரணச் செடி. வேரு ஒரு சாண்கூட இருக்காது. பனி வந்தா மேல கருகிப்போயி மண்ணுக்கடியில முடங்கிக் கெடக்கும், அப்புறம்தான் துளிர்க்கும். இப்பிடிப் பூத்து நிக்கும்போது கிளப்பினா வாடிரும், மேல கான்கிரீட் விழுந்தா செத்தே போயிரும். மழை பிடிக்கிற வரைக்கும் டயம் குடுங்க, நானே கிளப்பி வேற எடத்துல வெச்சுக்கறேன்னேன். பதினோரு வருஷத்துல அந்தச் செடியைப் பத்தி நான் வாயைத் தொறந்து சொன்ன மொத உண்மை அதுதான். சொல்லி முடிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துருச்சு.

குப்புராஜ் பாவமாத்தான் என்னைப் பாத்தாரு. அப்புறம் என் தோளைத் தொட்டு மெல்ல ஓரமா நகர்த்தினாரு.

"நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்கம்மா."