காவல் பாறையை விட்டு இறங்கிய வரையாடு

உயரமான மலையொன்றில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வாழ்ந்தது. அதில் சடைச்சி என்று ஒரு பெண் வரையாடு. பாறைக்குப் பாறை தாவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தெனாவெட்டில்தான் ஒருநாள் பாசி படிந்த பாறை என்று பார்க்காமல் கால் வைத்தாள். வழுக்கி விழுந்தாள். இடது பின்னங்கால் முறிந்துவிட்டது.

ஒரு மாதம் புதர் மறைவில் அசையாமல் படுத்துக் கிடந்தாள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. எலும்பு கூடியது, வீக்கம் வடிந்தது, எழுந்து நிற்கவும் முடிந்தது. காரியம் கெட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டு எழுந்தவர்களைக் காவல் பாறையில் உட்கார வைப்பார்கள். மற்றவர்கள் மேயும்போது செந்நாய் வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ரொம்ப மரியாதையான வேலை. சடைச்சிக்கும் அந்தப் பாறை கிடைத்தது. அவள் தோழி பூவாயி வேளை தவறாமல் இளம்புல்லைக் கவ்விக்கொண்டு வந்து வாயருகே வைத்தாள். நான் இருக்கும்போது நீ ஓரடி எடுத்து வைக்கக் கூடாது என்று செல்லமாக அதட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, பூவாயிக்குத் தங்கமான மனசு. அந்தத் தங்கமான மனசுதான் காலைக் கெடுத்தது.

நாளாக ஆக, முட்டி மடங்க மறுத்தது. தொடைச் சதை வற்றிப்போனது. இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் உட்காரட்டும் என்றார்கள் எல்லோரும். சடைச்சியும் உட்கார்ந்தாள். உட்கார உட்காரக் கால் இறுகிக்கொண்டே போனது.

அப்போதுதான் கூட்டத்தின் தலைவர் சாம்பல் முதுகர் அவளிடம் வந்தார். மழைக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. மழை வந்தால் மேகம் மலையை மூடிவிடும். செந்நாய் பக்கத்தில் வந்து நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. காவல் பாறையில் யார் உட்கார்ந்தும் பயனில்லை. அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்பே கூட்டம் ஒரு பாறைப் பிளவைத் தாவிக் கடந்து அக்கரைப் புல்வெளிக்குப் போய்விடும். அந்தப் பிளவைச் செந்நாயால் தாண்ட முடியாது.

சடைச்சியாலும் முடியாது என்பது அவள் காலைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளுடைய ஐந்து மாதக் குட்டி சிட்டுவை மட்டுமாவது தங்களோடு அனுப்பிவிட வேண்டும் என்றார்.

பக்கத்தில் நின்ற சிட்டு அதைக் கேட்டுவிட்டாள். "அம்மா தாண்டலைன்னா நானும் தாண்ட மாட்டேன்" என்றாள். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதே பதில். தான் இங்கே நின்றால் பிள்ளையும் இங்கேயே நிற்கும், மேகத்துக்குள் இரண்டு பேரும் செந்நாய்க்கு இரையாக வேண்டியதுதான் என்று சடைச்சிக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஓடைக்குக் காலை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வழுக்கன் என்ற நீர்நாய் நண்டு தின்றுகொண்டிருந்தான். அவன் வாய்த்துடுக்கு அந்த ஓடை முழுக்கப் பிரசித்தம்.

"காவல்கார அம்மணி, அந்தப் பின்னங்கால் எத்தனை நாளா தூங்குது?" என்று கேட்டான்.

"அது உடைஞ்ச கால்" என்றாள் சடைச்சி கோபமாக.

"உடைஞ்சது கூடிப்போச்சு. இப்ப அது வேலை மறந்த கால். நீங்க சொல்லிக் கொடுத்தாத்தான் அதுக்கு ஞாபகம் வரும்."

வழுக்கனின் முன்னங்கையும் ஒரு காலத்தில் கல்லுக்கடியில் சிக்கி நசுங்கியதுதான். எத்தனையோ நாள் தண்ணீரில் நீட்டி மடக்கி, கூழாங்கல்லை உருட்டி உருட்டித்தான் நண்டு பிடிக்கும் கையாக அதை மீட்டிருந்தான். அதையெல்லாம் கேட்டதும் சடைச்சி வேறொன்றும் யோசிக்கவில்லை. நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றாள். நாளைக்கு எதற்கு, இப்போதே இறங்குங்கள் என்றான் அவன்.

வயிறளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் காலில் அவ்வளவாக இறங்காது. அப்படி நின்று முட்டியை மடக்கி நீட்ட வேண்டும், பிறகு ஓட்டத்தை எதிர்த்து இருபது அடி நடக்க வேண்டும். முதல் நாள் நான்காவது அடியிலேயே சடைச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"குத்துற வலி வந்தா உடனே நிறுத்துங்க" என்றான் வழுக்கன். "இழுக்கிற வலின்னா என்னைத் திட்டிக்கிட்டே நடங்க."

அவள் வண்டை வண்டையாகத் திட்டினாள். நடந்தாள். காலையும் மாலையும் நடந்தாள். தண்ணீரில் சுளுவானதும் மணலில் நடக்க வைத்தான். மணல் சுளுவானதும் சின்னக் கல்லில் ஏறி இறங்க வைத்தான். அதற்குள் காவல் பாறையை அவள் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். கொடுத்த மரியாதையைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் பூவாயி ஓடைப் பக்கம் வந்தாள். சடைச்சி அழுதுகொண்டே தண்ணீரில் நடப்பதைப் பார்த்துப் பதறிவிட்டாள். பாவி, என் தோழியைக் கொல்லப் பார்க்கிறாயா என்று நீர்நாயின் மேல் பாய்ந்தாள். கொண்டுவந்த புல்லைக் கரையில் வைத்து, வா, வந்து சாப்பிடு என்று கெஞ்சினாள்.

சடைச்சி தண்ணீரை விட்டு ஏறவில்லை. "நீ கொண்டுவந்தா என் பசி ஆறும், பூவாயி. கால் ஆறாது. அதை எடுத்துக்கிட்டுப் போய் அந்த மேட்டு மேல வை. நானே வந்து தின்னுக்கிறேன்."

பூவாயி விசும்பிக்கொண்டே மேட்டில் வைத்தாள். மறுநாளிலிருந்து தினமும் ஒரு முழம் தள்ளித் தள்ளி வைத்தாள்.

இருபதாம் நாள் சடைச்சிக்குப் பழைய தெனாவெட்டு எட்டிப் பார்த்தது. வழுக்கன் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெரிய பாறைக்குத் தாவினாள். முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. வழுக்கனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவசரம் உங்களுக்கா, உங்கள் காலுக்கா என்று கத்தினான். மூன்று நாள் ஓய்வு, பிறகு மறுபடியும் வயிறளவு தண்ணீரிலிருந்து ஆரம்பம். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்காம் நாள் விடியும்போது சடைச்சி தண்ணீருக்குள் நின்றாள்.

தண்ணீர், மணல் என்று தேறி அவள் மறுபடியும் கல்லில் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தாள். அந்த வருஷம் மழை ஒரு வாரம் முந்திக்கொண்டது. காலையிலேயே மேகம் இறங்கிவிட்டது. கீழே எங்கோ செந்நாய்கள் சீழ்க்கையடித்து ஒன்றையொன்று கூப்பிட்டன. கூட்டம் அலறியடித்துக்கொண்டு பிளவுக்கு ஓடியது. ஒவ்வொருவராகத் தாவினார்கள். கடைசியில் சடைச்சியும் சிட்டுவும் மட்டும் இந்தப் பக்கம் நின்றார்கள்.

"நீ முதல்ல போ" என்றாள் சடைச்சி.

"நீ போனாத்தான் போவேன்" என்றாள் சிட்டு.

சீழ்க்கை நெருங்கிவிட்டது. வாதாட நேரமில்லை. தான் விழுந்தால் பிள்ளையும் போச்சு என்பது அவளுக்குத் தெரியும். நாலடி பின்னால் போனாள். ஓடி வந்தாள். விளிம்பில் இடது முட்டியை நன்றாக மடக்கி, மொத்த பலத்தையும் கொடுத்து உந்தினாள்.

அக்கரையில் முன்னங்கால்கள் பதிந்தன. பின்னால் ஈரப் பாறை வழுக்கியது. உடம்பு சரிந்தது. இடது பின்னங்கால் ஒரு விரிசலில் ஊன்றி, நடுங்கி, விடாமல் நின்று அவளை மேலே தள்ளியது.

அடுத்த கணமே சிட்டுவும் தாவி வந்து விழுந்தாள். இரண்டு செந்நாய்கள் விளிம்புவரை வந்து கீழே எட்டிப் பார்த்தன. பிறகு வந்த வழியே திரும்பிவிட்டன.

பூவாயி ஓடி வந்து சடைச்சியின் காலை முகர்ந்து பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றாள் சடைச்சி. "இங்க பக்கத்துல ஓடை எங்க இருக்குன்னு பாரு. நாளைக்குக் காலையில நான் நடக்கணும்."

அடிபட்ட காலுக்கு ஓய்வு பாதி மருந்துதான். அளவறிந்து விடாமல் செய்யும் பயிற்சிதான் அதை மறுபடியும் நம்முடைய காலாக்கும்.