ராஜா அறுத்த பாவு

காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொல்லும் ராஜாக்கள் இருந்த காலத்தில், வேங்கை நாட்டை வீரகேதனன் என்னும் ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையே நம்புவார். அதனால் அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே ஊருக்குக் கவலை.

எப்போதும் நின்றவர் மாணிக்கநாதர். அரசவைப் பிரமுகர், தலைநகரின் பெரிய நெசவுக்கூடம் அவருடையது. அறுபது தறிகள். ஒரு வருஷம் துணி வியாபாரம் படுத்துவிட்டது.

"மகாராஜா, கூடத்தை மூடினால் அறுபது குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். கஜானாதான் கைகொடுக்க வேண்டும்" என்றார்.

ராஜா இரண்டு பெட்டி பொன் கொடுத்தார். பொன் வந்த சில நாளில் மாணிக்கநாதர் அறுபது பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலான பாவு, பாதி நெய்தபடி அப்படியே நின்றது. துறைமுகத்தில் மலிவாக இறங்கிய அயல்நாட்டுத் துணியை வாங்கித் தன் முத்திரையைக் குத்தி விற்றார். கூலியும் மிச்சம், பொன்னும் மிச்சம்.

நெசவாளர்கள் அரசவைக்கு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் செங்கமலம். புருஷன் இல்லாமல், தறியை நம்பியே இரண்டு பெண்களை வளர்ப்பவள்.

"சாமி, எங்க வேலையைத் திருப்பிக் கொடுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

"வேலைக்குத்தானே பொன் கொடுத்தேன்?" என்று ராஜா மாணிக்கநாதர் பக்கம் திரும்பிச் சீறினார்.

"சோம்பேறிகள், மகாராஜா! தாங்களே ஓடிப்போனார்கள்" என்றார் மாணிக்கநாதர். "வேறு ஆட்களை வைத்து அறுபது தறியும் ஓட்டுகிறேன். நாளைக்கே வந்து பாருங்கள். இன்னும் ஒரு பெட்டி கொடுத்தால் நூறாக்கிவிடுவேன்."

"பார்க்கிறேன். தறி ஓடினால் இவர்கள் பொய்யர்கள். நாளை பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

மந்திரி குழந்தைவேலர் முன்னே வந்தார். அதிகம் பேசாதவர். மெல்லக் கேட்டார்: "மாணிக்கநாதரே, உம்முடைய நூல் உறுதியானதுதானா?"

"உறுதியா? மகாராஜாவின் வாளுக்கே அது அறாது!"

ராஜாவின் கை இடுப்பிலிருந்த புது வாளைத் தடவியது. "அறாதா?" என்றார்.

"அப்படியானால் அந்தப் பெருமையை இவர்களும் வந்து பார்க்கட்டும்" என்றார் மந்திரி. ராஜா தலையசைத்தார்.

வெளியே வந்ததும் செங்கமலம் மந்திரியை வழிமறித்தாள். "ஊரை விட்டுத் துரத்துறதுக்கு முன்னாடி எங்களை வேடிக்கை வேற பார்க்க வைக்கிறீங்களா, சாமி?"

"அம்மா, நாளை அங்கே உன் மனசு என்ன சொல்கிறதோ அதைச் செய். இதற்கு மேல் என்னைக் கேட்காதே." சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்தார்.

மறுநாள் கூடத்தில் அறுபது தறியும் தடதடத்தன. வாசலில் ஈட்டிக்காரர்களுக்குப் பின்னால் நெசவாளர்கள் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னாலிருந்த செங்கமலத்தின் தறியில் யாரோ தடித்த ஆள் உட்கார்ந்திருந்தான். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். தறி என்பதை அவர் பார்த்ததே அன்றுதான்.

"நேற்று நூலைப் பற்றிப் பேச்சு வந்ததே, மகாராஜா" என்றார் மந்திரி.

"அது ஒரு பேச்சுக்கு..." என்று மாணிக்கநாதர் தொடங்குவதற்குள் வாள் உருவப்பட்டுவிட்டது. அந்த முன் தறியின் பாவில் ஒரே வீச்சு. விறைத்து நின்ற இழைகள் இரண்டு பக்கமும் தொய்ந்து விழுந்தன.

உட்கார்ந்திருந்த அறுபது பேரும் எழுந்து கைதட்டினார்கள். "ஆகா! என்ன வீச்சு! என்ன வீச்சு!" அந்தத் தறியில் இருந்த தடியனே எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

வாசலிலிருந்து ஓர் அலறல். "எவன்டா அது, என் பாவுல கத்தி வச்சவன்!"

செங்கமலம் ஈட்டிகளுக்கு அடியில் குனிந்து ஓடிவந்தாள். ராஜாவின் முழங்கையை இடித்துத் தள்ளிவிட்டு, இழைகளை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தாள். "நழுவுது, நழுவுது! அந்தப் பக்கம் பிடிங்க!" மற்றவர்களும் ஓடிவந்தார்கள். ஒருவரும் ராஜாவைக் கும்பிடவில்லை. முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

"என்னையா 'டா' போட்டாள்?"

ராஜாவின் குரல் கேட்டுக் கூடம் அடங்கியது. ஈட்டிகள் திரும்பின. அப்போதுதான் செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. கை மட்டும் நூலை விடவில்லை.

"தலையை வெட்டுறதுன்னா வெட்டுங்க, சாமி. முதல்ல யாராவது இதைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

மந்திரி குறுக்கே வந்து நின்றார். "மகாராஜா, தன் வீடு இடிந்து விழும்போது ஒருவன் கைதட்டுவானா? இங்கே கைதட்டியவர்கள் யார், அலறியவர்கள் யார்?"

ராஜா தடியனைப் பார்த்தார். "நீ யார்?"

"பல்லக்குத் தூக்குறவன், மகாராஜா. காலை மிதி, கையை ஆட்டு, ராஜா எது செஞ்சாலும் கைதட்டுன்னாங்க. மத்தியானம் சாப்பாடு போடுறதாச் சொன்னாங்க."

"நீ?"

"மாணிக்கநாதர் வீட்டுச் சமையல்காரன். அந்தச் சாப்பாட்டையும் நான்தான் ஆக்கணும்."

மாணிக்கநாதர் வெளிறிப்போய்ச் சிரித்தார். "புது ஆட்கள், மகாராஜா... பழகிக்கொண்டிருக்கிறார்கள்..."

"நீரும் பழகும்! உட்காரும். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது."

பட்டு அங்கவஸ்திரத்தோடு மாணிக்கநாதர், நெய்பவர் காலை வைக்கும் தறிக் குழியில் இறங்கினார். வெகுநேரம் கழித்துச் செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "ஐயா, இது முடிச்சு இல்லை, சிக்கு. எழுந்திருங்க, நாங்களே போட்டுக்கிறோம்."

பெட்டிகள் கஜானாவுக்குத் திரும்பின. இனி உதவிப் பொன், ஓடும் தறியைப் பார்த்து, அதில் நெய்பவர் கையிலேயே தரப்படும் என்று ராஜா ஆணையிட்டார். நெசவாளர்கள் அறுபது பேரும் தங்கள் தறிக்குத் திரும்பினார்கள்.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"இந்தப் பாவில் நெய்யும் துண்டை மகாராஜா தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். தாங்கள் மறந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம்."

ராஜா முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். துண்டு வந்தது. அதன் குறுக்கே முடிச்சுகள் வரிசையாக, கைக்குத் தட்டுப்படும்படி இருந்தன. அதைத் தடவிப் பார்த்த பிறகே அவர் கஜானாச் சாவியை எடுப்பார்.

ஆனாலும் ராஜா அதே ராஜாதான். கஜானா திறக்கும் நாளில் அவர் எந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறார் என்று, வருஷா வருஷம் நெசவாளர் தெரு முழுவதும் வாசலில் வந்து நின்று பார்க்கும்.